வந்து வந்து போகும் கோளாறு: பழைய பிலிம் கேமராவில் அதைப் பிடிப்பது எப்படி

(காட்சி: வியூஃபைண்டருக்குள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குள் தெரிவது திரை முழுவதும். இடது ஓரத்தில் ஷட்டர் வேக எண்கள், அவற்றின் மேல் ஒரு மெல்லிய கறுப்பு முள்.)

இந்த முள்ளைப் பாருங்கள். இருக்கிற வெளிச்சத்துக்கு எந்த ஷட்டர் வேகம் சரி என்று கேமராவின் ஒளி மீட்டர் இதால் காட்டுகிறது. ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிக் கேமராவைப் பிடித்திருக்கிறோம். முள் 125-இல் நிற்கிறது. வெளிச்சம் மாறவில்லை, டயலை யாரும் தொடவில்லை. இதோ, முள் ஓரத்துக்கு ஓடிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள். திரும்பி வந்துவிட்டது, அதே 125-க்கு.

முழுக்கச் செத்துப்போன கேமரா என்றால் இவ்வளவு தொல்லை இல்லை. எப்போது திறந்து பார்த்தாலும் கோளாறு அங்கேயே இருக்கும், நிதானமாகத் தேடலாம். விட்டு விட்டு வரும் மின்கோளாறு வேறு ரகம். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி, மேஜை மேல் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடும். பையில் போட்டு வெளியே எடுத்துப் போனால் நின்றுவிடும். இன்றைக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று பார்க்கப்போகிறோம்.

(காட்சி: மேஜை மேல் நிக்கான் எஃப்இ. தோல் பட்டை ஓரம் பிய்ந்திருக்கிறது. அடித்தட்டில் ஒரு சிறு நசுங்கல்.)

இது என் பெரியப்பாவுடையது. நிக்கான் எஃப்இ, 1978-இல் வெளிவந்த மாடல். மும்பை மாட்டுங்காவில் அவர் வீட்டு அலமாரியில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் இதில்தான் படமாகியிருக்கின்றன. போன ஆடிக் கிருத்திகைக்குச் செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு இதை எடுத்துப்போனார். மாலை வீட்டுக்கு வந்தவர் முகமே சரியில்லை. "டேய், நாலு காவடி போச்சுடா. ஒண்ணு கூட விழல. மிரர் மேலேயே நின்னுடுச்சு." லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிதான் மிரர், படம் எடுக்கும்போது மேலே எழும்பி உடனே இறங்க வேண்டும்.

மறுநாள் ஒரு கடையில் காட்டினார். அங்கே நன்றாக ஓடியது. "சர்க்யூட் போயிருக்கும், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் என்னிடம் வந்தது.

முதல் கேள்வி இதுதான்: கோளாறு மின்சாரத்திலா, இயந்திரத்திலா? எஃப்இ-யில் இதற்குப் பதில் சொல்ல டயலிலேயே ஒரு இடம் இருக்கிறது. எம்90. அந்த இடத்தில் வைத்தால் ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம், விநாடியில் 90-இல் ஒரு பங்கு வேகத்தில் இயந்திர விசையாலேயே இயங்கும். செல் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு எம்90-இல் முப்பது நாற்பது முறை அடித்துப் பார்த்தேன். ஒரு தடவை கூடச் சிக்கவில்லை. ஸ்பிரிங், பற்சக்கரம், ஷட்டர் தகடு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். மிரர் மேலே நின்றுபோனதற்கும் இங்கேயே விளக்கம் கிடைக்கிறது. இந்த மாடலில் மின்வேகங்களில் இருக்கும்போது மின்சாரம் இல்லாமல் பொத்தானை அழுத்தினால் மிரர் மேலேயே நின்றுவிடும். டயலை எம்90-க்குத் திருப்பினால் இறங்கும். ஆக, அன்றைக்குக் கோயிலில் மின்சாரம் எங்கோ அறுந்திருக்கிறது.

எல்லாக் கேமராவிலும் இந்த வசதி கிடையாது. 1976-இல் வந்த கேனன் ஏஇ-1-இல் 6 வோல்ட் பேட்டரி இல்லையென்றால் ஷட்டர் விழவே விழாது. மினோல்டா எக்ஸ்-700-இல் உள்ளே விளக்குகள் ஒழுங்காக எரியும், ஷட்டர் மட்டும் விழாது, பிலிமை நகர்த்தும் லீவரும் நகராது. அப்படி இருந்தால் பழைய மின்தேக்கி (கெப்பாசிட்டர்) ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் லீவரை இழுத்து முடிக்கும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு பொடிந்துபோயிருக்கலாம். பார்வைக்கு மின்கோளாறு மாதிரி இருக்கும், மூலம் அந்த ரப்பர்.

(காட்சி: ஒரு ரூபாய் நாணயத்தால் அடியில் உள்ள செல் மூடியைத் திறப்பது. மிக அருகில்.)

சரி, எஃப்இ-க்கு வருவோம். மூடியைத் திறந்தால் இரண்டு பட்டன் செல்கள். எல்ஆர்44, எஸ்ஆர்44 இரண்டும் ஒரே அளவு, இரண்டும் இதில் உட்காரும். ஆனால் குணம் வேறு. எல்ஆர் என்பது ஆல்கலைன், 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்தப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். எஸ்ஆர் என்பது சில்வர் ஆக்ஸைடு, 1.55-இல் ஏறக்குறையக் கடைசிவரை நின்று, தீரும்போது சட்டென்று விழும். கோளாறு தேடும்போது புதிய எஸ்ஆர்44 இரண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்த செல்லை வைத்துக்கொண்டு தேடினால் இரண்டு பிரச்சினையை ஒன்றாக நினைத்துக் குழம்புவோம்.

மூடியின் மரையைப் பாருங்கள். மரையின் பள்ளத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. இது செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு, காற்றோடு சேர்ந்து கார்பனேட்டாகக் காய்ந்தது. உள்ளே தொடுமுனையில் தெரிகிற பச்சை, நம் வீட்டுச் செம்புச் சொம்பில் பிடிக்கிற அதே களிம்பு. இப்படிப்பட்ட கேமராக்களில் மின்சாரம் திரும்பிப் போகும் வழியே இந்த மரைதான். மூடி ஒரு சுற்று தளர்ந்தாலோ, மரையில் பொடி அடைத்தாலோ பாதை அறுந்துவிடும். நிறைய பேர் உள்ளே இருக்கிற முனையை மட்டும் துடைத்துவிட்டு மரையை மறந்துவிடுவார்கள்.

களிம்பை எப்படி எடுப்பது? சொம்புக்குப் புளி போடுகிறோம் இல்லையா, இங்கேயும் புளிப்புதான் மருந்து. பஞ்சுக் குச்சியில் ஒரே ஒரு சொட்டு வினிகர், நனைந்தும் நனையாத மாதிரி. பொடி மேல் வைத்தால் நுரைக்கும். துடைத்து எடுத்துவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட வேறு குச்சியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். கண்ணில் படாமல், கையுறையோடு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. முனை மேல் இருக்கிற மெல்லிய பூச்சு போய்விட்டால் ஆறே மாதத்தில் முன்பைவிட மோசமாகக் களிம்பேறும். பென்சில் ரப்பர் போதும். தொடுமுனை ஸ்ப்ரேயை நேராக உள்ளே அடிக்கவும் கூடாது, ஷட்டர் தகடுகளில் எண்ணெய்ப் பசை ஏறினால் அதை எடுக்கிற வேலை இதைவிடப் பெரியது.

தவறு கேமராவைச் செய்தவர்களுடையது அல்ல. எங்கள் வீட்டில் பல வருஷம் செல்லைக் கழற்றாமலே அலமாரியில் வைத்துவிட்டோம். மும்பையில் கடல்காற்றும் நாலு மாத மழையும் மீதியைச் செய்துவிட்டன.

சுத்தம் செய்தபின் கேமரா பிரமாதமாக ஓடியது. மூன்று நாள் மேஜை மேல் வைத்து அடித்தேன். பெரியப்பாவைக் கூப்பிட்டு "சரியாயிடுச்சு பெரியப்பா" என்று சொல்லிக் கொடுத்தும் விட்டேன்.

சனிக்கிழமை மழையில் மும்பைக் கோட்டை (ஃபோர்ட்) பக்கம் போனவர், ஃபோன் செய்தார். மறுபடி மிரர் மேலே.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், இந்த வீடியோவைப் போடுவதே இதைச் சொல்லத்தான். வந்து வந்து போகும் கோளாறில், 'இப்போது ஓடுகிறது' என்பது எதற்கும் சாட்சி இல்லை. நான் துடைப்பதற்கு முன்பும் அது பெரும்பாலான நேரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது? நான் துடைத்ததால் ஓடியதா, அதுவாகவே ஓடியதா என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கோளாறை நாம் நினைத்தபோது வரவழைக்கத் தெரிய வேண்டும். வரவழைக்கத் தெரிந்தால்தான், போய்விட்டது என்று சொல்லும் உரிமையும் வரும். அதுவரை ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது.

(காட்சி: கோடு போட்ட சிறிய நோட்டு. பெரியப்பாவின் கையெழுத்து.)

பெரியப்பாவிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். கேமரா நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், இடம், மழையா வெயிலா, டயல் எங்கே இருந்தது, எதைப் படம் எடுத்தார் என்று எழுதச் சொன்னேன். பிலிம் போடாமலே அடிக்கட்டும், செலவு இல்லை. ரிட்டையர் ஆனவர், பொறுமையாக எழுதினார். இரண்டு வாரத்தில் பதினோரு வரி.

நாங்கள் எல்லாரும் மழைதான் காரணம் என்று முடிவே செய்திருந்தோம். நோட்டைப் பார்த்தால், நாலு வரி வீட்டுக்குள்ளேயே, ஃபேனுக்குக் கீழே. வெயில் நாளும் இருக்கிறது. 'எதைப் படம் எடுத்தீர்கள்' என்ற பத்தியில்தான் விஷயம் இருந்தது. தென்னைமரம். கோபுரம். பேத்தி நிற்கிறாள். விளக்குக் கம்பம். மறுபடி பேத்தி. பதினொன்றும் உயரமான பொருள்கள். காவடி எடுத்தவர்களும் நின்றுகொண்டுதானே இருந்தார்கள்! அவ்வளவும் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்தவை. நான் மேஜை மேல் படுக்கைவசமாகவே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். என் சோதனையில் கோளாறு வரவே வாய்ப்பில்லை.

(காட்சி: கேமராவின் பின்பக்கம். பேட்டரி சோதிக்கும் சிறு லீவரும் அதன் சிவப்பு விளக்கும்.)

இப்போது மல்டிமீட்டர் கூட இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை. எஃப்இ-யின் பின்பக்கம் பேட்டரி சோதிக்கும் லீவர் இருக்கிறது. அதை நகர்த்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். பிடித்தபடியே மற்றக் கையால் கேமராவை ஒவ்வோர் இடமாக அழுத்திப் பாருங்கள். மேல்மூடி, ஒன்றுமில்லை. லென்ஸ் வளையம், ஒன்றுமில்லை. பிலிம் லீவர் பக்கம், இல்லை. அடித்தட்டு, செல் மூடிக்குப் பக்கத்தில்... விளக்கு அணைந்துவிட்டது. கையை எடுத்தால் எரிகிறது. அழுத்தினால் அணைகிறது. பத்துக்குப் பத்து.

பெரியப்பா செங்குத்தாகப் பிடிக்கும்போது கட்டைவிரல் சரியாக இந்த இடத்தில்தான் அழுந்துகிறது. வீடியோ தொடக்கத்தில் பார்த்தீர்களே, அப்போது கேமராவைப் பிடித்திருந்தது அவர்தான். நான் கண்ணருகே ஃபோனை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

சிலர் இந்த இடத்தில் மல்டிமீட்டரை எடுத்து செல்லின் வோல்ட்டைப் பார்த்துவிட்டு "3.1 காட்டுகிறது, எல்லாம் சரி" என்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். பாதையில் களிம்பால் 100 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மீட்டருக்கு அது தெரியவே தெரியாது, முழு 3.1-ஐக் காட்டும். ஆனால் கேமரா 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் தருணத்தில் அந்த 100 ஓமிலேயே 1 வோல்ட் போய்விடும். உள்ளே போய்ச் சேர்வது 2.1. அதனால் வேலை வாங்கிக்கொண்டே அளக்க வேண்டும். செல்லை வெளியே எடுத்து இரண்டையும் அடுக்கி 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே பிடித்தால் சுமார் 9 மில்லி ஆம்பியர் போகும். நல்ல செல் லேசாக இறங்கி அங்கேயே நிற்கும். போன செல் மளமளவென்று இறங்கும். ரெசிஸ்டர், மெல்லிய ஒயர், சால்டரிங் இரும்பு எல்லாம் லேமிங்டன் ரோட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உள்ளேயே ஃபிளாஷ் இருக்கிற சின்ன கேமராக்களை இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் திறக்காதீர்கள். ஃபிளாஷ் மின்தேக்கியில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரியைக் கழற்றியபிறகும் நிற்கும். எஃப்இ-யில் உள்ஃபிளாஷ் கிடையாது, அதனால்தான் துணிகிறேன்.

ஸ்க்ரூ விஷயமும் முக்கியம். ஜப்பான் கேமராக்களின் ஸ்க்ரூ தலை நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் முனை முழுதாக இறங்காமல் தலையைச் சுரண்டிவிடும். ஜேஐஎஸ் முனையை நன்றாக அழுத்தி, பிறகு திருப்புங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் கேமராவின் படம் வரைந்து அதே இடத்தில் ஒட்டிவையுங்கள்.

(காட்சி: அடித்தட்டு கழற்றிய கேமரா. மிக அருகில், செல் அறையின் ஓரம்.)

இதோ. செல் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வெளியே வருகிறது. அடித்தட்டில் பார்த்த நசுங்கல் நேராக இதன் மேல்தான் வருகிறது. பெரியப்பாவைக் கேட்டேன். ரொம்ப நாளைக்கு முன் குர்லாவில் ரயிலிலிருந்து இறங்கும்போது நெரிசலில் கீழே விழுந்ததாம். அன்றிலிருந்து தட்டு உள்வாங்கியிருக்கிறது. விரல் அழுத்தினால் ஒயரைத் தொடுகிறது.

உலோகம் எதுவும் இங்கே வேண்டாம். மூங்கில் பல்குத்தும் குச்சி. லீவரைப் பிடித்து விளக்கை எரியவிட்டு, குச்சியால் ஒயரை லேசாக, மயிலிறகால் தடவுகிற மாதிரி. அணைகிறது. எரிகிறது. இன்னும் ஒரு தடவை. அணைகிறது. பக்கத்தில் இருக்கிற மற்ற ஒயர்களையும் அதேபோல் அசைத்துப் பார்த்தேன், விளக்கு சிமிட்டவில்லை. இந்த ஒன்றுதான்.

பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈயப் பற்று பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. அதை ஒட்டி ஒயரின் உறைக்குள் பச்சை ஓடியிருக்கிறது. செல்லிலிருந்து கசிந்த காரம் தொடுமுனையோடு நிற்காமல், திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செம்பு இழைகள் வழியே உள்ளே ஏறிவிடும். உறையை நீக்கினேன். செம்பு கறுத்துப்போய், தொட்டால் உதிர்கிறது. ஏழெட்டு இழை இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோதான் பிடித்துக்கொண்டிருந்தன. தட்டு அழுத்தினால் அதுவும் விலகும், விட்டால் திரும்ப ஒட்டும்.

கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. அதன் மேலேயே இன்னும் ஈயத்தை ஏற்றிப் பற்றவைத்தால் ஒரு மாதம் ஓடும், மறுபடி வரும். செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிப்போட வேண்டும். இங்கே வெட்டிக்கொண்டே போனால் நீளம் போதவில்லை, அதனால் முழு ஒயரையும் மாற்றினேன். புதிய ஒயரின் நுனிக்கு முதலில் ஈயம் பூசிக்கொண்டு, முனையையும் வினிகர், ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்து, இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காமல் பற்றவைத்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் இருக்கிறது, சூடு தாங்காது. நசுங்கிய தட்டை ஒரு மரக்கட்டை மேல் கவிழ்த்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நிமிர்த்தினேன். ஒயர் சரியாகி, தட்டு அப்படியே இருந்திருந்தால் வேலை பாதிதான்.

(காட்சி: கேமரா மூடப்பட்டிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. கட்டைவிரல் அடித்தட்டை அழுத்துகிறது.)

மூடியபிறகு, முன்பு பத்துக்குப் பத்து அணைந்த அதே இடத்தில் அதே அழுத்தம். ஐம்பது முறை. அணையவில்லை. பெரியப்பாவின் கையிலேயே கொடுத்து, செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி, ஃபோனைக் கண்ணருகே வைத்துப் பத்து நிமிஷம் முள்ளைப் பதிவு செய்தேன். முள் அசையவில்லை. இந்த முறை "சரியாயிடுச்சு" என்று சொல்ல எனக்கு ஆதாரம் இருந்தது.

உங்கள் கேமராவில் இதே இடம் இருக்க வேண்டும் என்பதில்லை. லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) வளையத்தைச் சுழற்றும்போது மட்டும் முள் துள்ளினால், வளையத்தோடு ஓடும் தடைப்பாதை அழுக்கேறியிருக்கலாம். முழு வீச்சுக்கு முப்பது நாற்பது முறை சுழற்றினாலே பலமுறை தெளியும். பிலிம் லீவரை வெளியே இழுத்து வைக்கும் நிலையைப் பொறுத்து வந்து போனால், லீவருக்குக் கீழே உள்ள சுவிட்ச். எஃப்இ-யில் லீவர் வெளியே நிற்கும்வரை ஒளி மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், பையில் போடும்போது உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் செல்லைக் குறை சொல்ல வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி, பையின் வேறு அறையில் வையுங்கள்.

அடுத்த கிருத்திகைக்குப் பெரியப்பா அதே கோயிலுக்குப் போனார். 36 படம் உள்ள ஒரு கறுப்பு வெள்ளை ரோல். பாதியைச் செங்குத்தாக எடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கழுவி வந்த அன்று சாயங்காலம் ஃபோன். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே பேசினார்.

"பதினெட்டும் விழுந்திருக்குடா. மயில் வாகனம் கூட நல்லா வந்திருக்கு. வந்து பாரு."